கட்டைவிரல் மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு தனியாக இருப்பவர் எப்படிச் சமாளிப்பது?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது: கட்டைவிரல் அடிமூட்டு தேய்ந்துவிட்டது, ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள், வீட்டில் தனியாக இருக்கிறேன், கை சரியாகும் வரை என்ன செய்வது?

முதலில் ஒன்று சொல்லுங்கள். வலது கையா, இடது கையா? டாக்டர் இதைக் கேட்பது எக்ஸ்ரே படம் எடுக்கத்தான். நான் கேட்பது வேறு காரணத்துக்கு. வலது கை என்றால் சாப்பாடு பிரச்சினை, இடது கை என்றால் கக்கூஸ் பிரச்சினை. இடது கை என்றால் இப்போதே பிளம்பரைக் கூப்பிட்டு, வலது கையால் பிடிக்கிற மாதிரி அந்தப் பக்கத்துச் சுவரில் ஒரு கைஷவர் மாட்டிவிடுங்கள்.

எனக்கு வலது கை. வயது 58. தென்காசிப் பக்கம் செங்கோட்டையில் முப்பது வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். மகன் பெங்களூரில். வீட்டில் நானும் தையல் மெஷினும்தான்.

கத்திரி பிடிக்கும்போது கட்டைவிரல் அடியில், மணிக்கட்டை ஒட்டின இடத்தில், சுருக்கென்று குத்த ஆரம்பித்தது. அப்புறம் பூட்டில் சாவி திருப்ப முடியவில்லை. ஊறுகாய் ஜாடி மூடியைத் திறக்க முடியவில்லை. சாரல் மாதங்களில் ரொம்பப் படுத்தும். மூன்று வருஷம் கட்டைவிரலை அசையாமல் பிடிக்கிற பட்டை போட்டேன், களிம்பு தடவினேன், மூட்டுக்குள் ஊசியும் இரண்டு தடவை போட்டார்கள். முதல் ஊசி ஆறு மாதம் தாங்கியது, அடுத்தது ஆறு வாரம்கூடத் தாங்கவில்லை. விரல் நுனியால் 1 கிலோ அழுத்தம் கொடுத்தால் அந்த அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோ இறங்குமாம். முப்பது வருஷம் கத்திரி அழுத்தியவளுக்கு இதைக் கேட்டதும் வயிறு கலங்கிவிட்டது.

ஆபரேஷனில் செய்வதைத் தையல்காரி பாஷையில் சொல்கிறேன். மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. அதில் கட்டைவிரலைத் தாங்குவதற்கு டிரப்பீசியம் என்று பெயர். அரைபட்டுப் போன அந்த எலும்பை எடுத்துவிட்டு, முன்கையிலிருந்து ஒரு தசைநாணில் கொஞ்சம் உருவி, சுருட்டி, அந்தப் பள்ளத்தில் வைத்துத் தைப்பார்கள். கிழிந்த இடத்தில் அதே துணியில் ஒட்டு வைக்கிற மாதிரி. எல்லாருக்கும் இதே முறை கிடையாது. எலும்பை மட்டும் எடுத்துவிடுகிறவர்களும் உண்டு, மூட்டை இறுக்கி ஒட்டவைப்பதும் உண்டு. உங்களுடையது முடக்குவாதம் என்றால் கதையே வேறு, அதற்கு மாத்திரை வைத்தியம் தனியாக ஓடிக்கொண்டே இருக்கும்.

எங்கள் ஊர் முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. எங்கள் வீட்டில் பெரிய வைத்தியம் என்றால் இன்றைக்கும் ஆரியங்காவு கணவாயைத் தாண்டித் திருவனந்தபுரம்தான். ஆரியங்காவிலிருந்து என்னிடம் ஜாக்கெட் தைக்க வருகிற ஒரு சேச்சி கூடவே வந்து மூன்று நாள் இருந்தாள். கைக்கு மட்டும் மரக்க ஊசி போட்டார்கள். மறுநாள் காலை வரை அது என் கையே இல்லை. தூக்கத்தில் நெஞ்சில் ஏதோ விழுந்ததென்று பதறி எழுந்தால் என் கைதான். சேச்சி எடுத்துத் தலையணை மேல் வைத்தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள்தான் நிஜமான கஷ்டம். குளித்துவிட்டு ஜாக்கெட் போடப் பார்க்கிறேன், மாவுக்கட்டு ஜாக்கெட்டின் கைக்குள் நுழையவில்லை. இடது கையால் கீழ் ஹூக் ஒன்றை மாட்டினால் மேல் ஹூக் அவிழ்கிறது. ஊருக்கெல்லாம் ஹூக் வைத்துக் கொடுத்தவள் ஈரத்தலையோடு கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அன்றைக்கு அழுதது வலிக்காக இல்லை. ஆபரேஷனுக்கு முன்னாலேயே இரண்டு நைட்டியின் கைப்பக்கத் தையலைப் பிரித்து பிரஸ் பட்டன் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அது தோன்றவில்லை, தையல்காரியாக இருந்தும்!

எதிர்வீட்டு மதினி பீடி சுற்றுகிறவள். திண்ணையில் முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்தால் கண் எங்கோ இருக்கும், விரல் பாட்டுக்கு ஓடும். நான் ஸ்பூனால் ரசஞ்சோற்றைச் சிந்திச் சிந்திச் சாப்பிடுவதை அன்று மதியம் பார்த்தாள். "ஏளா, கரண்டிய அங்கிட்டு வையி. வாயத் தொற" என்றாள். "சின்னப் புள்ளையா மதினி நானு" என்றேன். "பின்ன? சட்டையெல்லாம் சோறு" என்றாள். சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாலும் அவள் விரலில் பீடித்தூள் வாசனை போகாது. இரண்டு வாரம் ரசம், தயிர், முள்ளெடுத்த சாளை மீன் எல்லாமே எனக்கு அந்த வாசனையோடுதான்.

உதவி கேட்பதில் நான் கற்றது ஒன்றுதான். "ஏதாவது வேணும்னா சொல்லு" என்பவர்களிடம் உடனே வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். புளியரை டீச்சருக்கு ஞாயிறும் புதனும் தலை அலசிப் பின்னிவிடுகிற வேலை. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஜாடி மூடிகளைத் திறந்து லேசாக வைத்துவிட்டுப் போவதும், மாவுக்கட்டின் மேல் பாலிதீன் சுற்றிவிட்டு நான் குளிக்கும் வரை வாசலில் நிற்பதும். அதுவும் சாரல் நேரம், கட்டு நனைந்தால் தொல்லை. பொதுவாக யாரையும் நம்பினால், அவரவர் இன்னொருவர் வந்திருப்பார் என்று நினைத்து ஒருவரும் வர மாட்டார்கள்.

ஆனால் உதவியே உபத்திரவமாகிற கட்டமும் உண்டு. இரண்டு வாரத்தில் தையல் பிரித்து, கழற்றி மாட்டுகிற பட்டை கொடுத்தார்கள். மற்ற நான்கு விரலையும் முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டச் சொல்லியிருந்தார்கள். மதினியும் டீச்சரும் பையனும் எல்லாவற்றையும் செய்துவைத்ததில் நான் அசைக்கவே இல்லை. விரல் விறைத்துப்போயிற்று. பிசியோதெரபிப் பெண் மலையாளத்தில் "பதுக்கெ, பதுக்கெ" என்று மெதுவாகத்தான் மடக்கினாள், எனக்கு உயிர் போய் வந்தது. அதற்கப்புறம் டீச்சர்தான் கறாராகிவிட்டாள். தம்ளரை நானே எடுக்கணும், துணியை நானே மடிக்கணும்.

மதினியின் தம்பி எல்லை தாண்டி உழிச்சில் எண்ணெய் வாங்கி வந்து நீவிவிடுகிறேன் என்றார். தையல் ஆறாத கையில் கண்ட எண்ணெயும் போட விடாதீர்கள், மனசு கோணினால் கோணட்டும். கட்டைவிரலின் பின்பக்கம் எறும்பு ஊர்கிற மாதிரி எனக்கு மூன்று மாதம் இருந்தது. அங்கே ஓடுகிற நரம்பு தொந்தரவுபட்டால் அப்படி இருக்குமாம், மெல்லத் தணிந்தது. வீக்கமும் வலியும் நாளுக்கு நாள் கூடினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விரல் வெளுத்தாலோ, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

ஒன்பதாவது வாரம் ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்காகத் திருட்டுத்தனமாகக் கத்திரியை எடுத்தேன். முன்பக்கம் ஒன்றுதான் வெட்டினேன், சாயங்காலம் கை பூரி மாதிரி உப்பிவிட்டது. மதினி ஒன்றும் பேசாமல் கத்திரியைக் கொண்டுபோய்த் தன் பீடி இலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். நாலாம் மாதம்தான் திரும்பி வந்தது.

கணக்காகச் சொன்னால், முதல் இரண்டு வாரம் பகலில் யாராவது கூட வேண்டும். ஆறு வாரம் வரை காலையும் மாலையும் ஒருவர் எட்டிப் பார்த்தால் போதும். மூன்று மாதத்தில் சின்ன வேலைகள் வரும். பிடி வலு முழுதாகத் திரும்ப ஆறு மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகலாம். எனக்கு எட்டாவது மாதம். சாவி திருப்புகிறேன், வலியில்லை. தடித்த துணி நாலு மடிப்பு மட்டும் இன்னும் வெட்ட முடியவில்லை.

சோறு ஊட்டும்போது மதினியின் கையைக் கிட்டத்தில் பார்த்தேன். கட்டைவிரல் அடியில் எனக்கு இருந்த அதே மேடு. போன செக்கப்புக்கு இழுத்துக்கொண்டு போனேன், படத்தில் அதே தேய்மானம். "மூணு மாசம் பீடி சுத்தாம இருந்தா கூலிய ஒன் டாக்டரா குடுப்பாரு?" என்றாள். எனக்குப் பதில் இல்லை. இப்போதைக்குப் பட்டை மட்டும். ராத்திரி மறக்காமல் போட்டுக்கொள்கிறேன் என்கிறாள். நான் நம்பவில்லை.