வளரும் நாடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

பின்லாந்து பற்றிய கட்டுரையில் ‘ஆண்டுதோறும் வளரும் நாடு’ என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் தாத்தாவின் 1930களின் அட்லஸ் ஒன்று இருக்கிறது. அதில் பின்லாந்து வடக்கே ஆர்க்டிக் கடல்வரை ஒரு கையை நீட்டியிருக்கிறது. இன்றைய வரைபடத்தில் அந்தக் கை இல்லை. நாடு சுருங்கித்தானே இருக்கிறது? கடல்மட்டம் வேறு உயர்கிறது என்கிறார்கள். கவித்துவத்துக்காக எழுதினீர்களா?

கே.

அன்புள்ள கே.,

கவித்துவம் எல்லாம் இல்லை, வெறும் கணக்கு. நீங்கள் சொன்னதும் சரி, நான் எழுதியதும் சரி.

‘கை’ என்று படித்ததும் சிரித்துவிட்டேன். பின்லாந்துக்காரர்களும் அப்படித்தான் சொல்வார்கள். தங்கள் வரைபடத்தை இரு கைகளையும் தூக்கி நிற்கும் பெண்ணாகப் பார்ப்பது அவர்கள் வழக்கம். வடமேற்குக் கை பத்திரமாக இருக்கிறது. அந்தப் பகுதியின் பெயரே ‘கை’தான். உங்கள் அட்லஸில் இருக்கும் மற்றொரு கை, பெட்சமோ. 1920 ஒப்பந்தத்தில் சோவியத் ரஷ்யாவிடமிருந்து கிடைத்தது, 1944இல் சோவியத் யூனியனுக்கே போனது. தென்கிழக்கில் கரேலியாவின் பெரும்பகுதியும் வீபுரி நகரமும் போயின. மொத்தம் 40,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல், நாட்டில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 4 லட்சத்துக்கும் அதிகமானோர் மூட்டை கட்டிக்கொண்டு மேற்கே வந்தார்கள்.

இனி வளர்ச்சி. பனியுகத்தில் அந்த நிலத்தின் மேல் சுமார் 3 கிலோமீட்டர் தடிமனுக்குப் பனி கிடந்தது. அந்தப் பாரத்தில் தரை அமுங்க, அடியில் கெட்டி வெல்லப்பாகுபோல மெதுவாக நகரும் பாறை சுற்றுப்புறத்துக்குப் பிதுங்கியது. பனி உருகி ஏறக்குறைய 10,000 ஆண்டுகள் ஆகியும் பாகு இன்னும் முழுதாகத் திரும்பி வந்து சேரவில்லை. அது வர வர, அமுங்கிய தரை மேலே எழுகிறது. பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் நடுவே உள்ள போத்னியா வளைகுடா குறுகும் குவார்க்கன் பகுதியில் தரை ஆண்டுக்கு 8, 9 மில்லிமீட்டர் எழுகிறது. உலகக் கடல்மட்டம் உயர்வது ஏறக்குறைய அதில் பாதி வேகத்தில்தான். அங்கே கடல் ஆழமில்லாதது என்பதால் இந்தச் சொற்ப உயர்வுக்கே நிறைய நிலம் வெளியே வந்துவிடுகிறது. பின்லாந்து முழுக்கச் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 7 சதுர கிலோமீட்டர் என்று கணக்கு.

இதை முதலில் அளக்கப் பார்த்தவர்களில் ஒருவர் நம் தெர்மாமீட்டர் செல்சியஸ். அவருக்குத் துப்புக் கொடுத்தவை சீல்கள், அதாவது கடல்நாய்கள். சீல் ஏறிப் படுக்கும் பாறைக்கு அந்தக் காலத்தில் நல்ல விலை. வேட்டைக்காரர்கள் அதைச் சொத்தாகவே வாங்கி விற்றார்கள். பாறை நீரை ஒட்டியிருக்கும்வரைதான் சீல் ஏறும், உயர்ந்துவிட்டால் பாறைக்கு மதிப்பில்லை. பழைய பத்திரங்களில் அப்படி விலை இழந்த பாறைகளைத் தேடினார் மனிதர். 1731இல் ஸ்வீடன் கரையில் யெவ்லே நகருக்கு அருகே ஒரு பாறையில், அன்றைய நீர்மட்டத்தில் கோடு செதுக்கவைத்தார். இன்று அந்தக் கோடு நீருக்குச் சுமார் 2 மீட்டர் மேலே இருக்கிறது. ஆனால் கடல்தான் வற்றுகிறது என்று அவர் நினைத்துவிட்டார். கடல் வற்றினால் எல்லாக் கரையிலும் ஒரே அளவு இறங்க வேண்டுமே! வடக்கே வேகமாகவும் தெற்கே மெதுவாகவும் இறங்கினால், அசைவது தரை.

பின்லாந்தின் மேற்குக் கரையில் வாசா என்ற ஊரைப் பாருங்கள். 1606இல், அன்று பின்லாந்தை ஆண்ட ஸ்வீடன் மன்னர் உண்டாக்கிய துறைமுகம். கடல் விலகி விலகி, கப்பல் ஊருக்கு வர முடியாமல் போனது. 1852இல் ஊர் தீப்பிடித்து எரிந்ததும் பழைய இடத்தில் கட்டவில்லை, சுமார் 7 கிலோமீட்டர் தள்ளி, கடல் இருந்த இடத்துக்கே ஊரைக் கொண்டுபோய்விட்டார்கள். அப்போது ரஷ்ய ஆட்சி என்பதால் ஜார் நிக்கோலஸ் பெயர் வைக்கப்பட்டு, 1917இல் மீண்டும் வாசா ஆனது. பழைய ஊரின் தேவாலயச் சுவர்கள் இன்னும் மொட்டையாக நிற்கின்றன.

புதிதாக எழும் நிலம் யாருக்கு? கரையில் வீடு வைத்திருப்பவருக்கு என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை, நீர்ப்பரப்பு யாருடையதோ அவர்களுக்கு. பெரும்பாலும் அது கிராமத்தாரின் கூட்டுச் சொத்து. அதனால் தாத்தா காலத்தில் தண்ணீரோரம் கட்டிய படகுக் கொட்டகை புல்தரையில் நிற்கும். அதற்கும் கடலுக்கும் நடுவே முளைத்த துண்டைப் பேரன் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கும்.

உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். ஆண்டுக்கு 7 சதுர கிலோமீட்டர் என்று வைத்தால், 1944இல் போனதைக் கடல் ஈடுகட்ட கிட்டத்தட்ட 6,000 ஆண்டுகள் வேண்டும். அதற்கு வெகுமுன்பே குவார்க்கன் மூடிக்கொண்டு, வளைகுடாவின் வடபாதி ஏரியாகிவிடும் என்கிறார்கள். தாத்தாவின் அட்லஸைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முடிந்தால் பெட்சமோ இருக்கும் பக்கத்தை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்.