நீட் படிக்கும் பையனுக்குச் சாயங்காலம் மண்டை ஓடவில்லையா?

பாலக்கோட்டில் இருந்து கேட்ட அம்மாவுக்கு,

பையன் காலை 5 மணிக்கு எழுந்து ராத்திரி 11 வரை படிக்கிறான், பொழுது சாய்ந்தால் "மண்டை ஓடலம்மா" என்கிறான், குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தும் தெளியவில்லை, இது சோம்பலா என்று கேட்டீர்கள். சோம்பல் இல்லை அம்மா. நிச்சயமாக இல்லை.

மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் நாம் சும்மா இருக்கும்போதே உடல் செலவழிக்கும் சக்தியில் சுமார் 20 சதவீதம் அதற்குப் போகிறது. தூங்கினாலும் அந்த அடுப்பு அணையாது. இயற்பியல் கணக்கில் மூழ்கினால் செலவு கொஞ்சம்தான் கூடும், சில சதவீதம். அதனால் படித்தே சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். களியும் கீரையும் வேளைக்குச் சாப்பிடுகிற பிள்ளைக்குக் குளுக்கோஸ் டப்பா தேவையில்லை.

அப்புறம் ஏன் களைப்பு? 2022இல் பாரிஸ் ஆய்வாளர்கள் இதைத் தேடிப் பார்த்தார்கள். ஒரு பகல் முழுக்கக் கடினமாக யோசித்தவர்களுக்கு, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியில் குளுட்டமேட் என்ற வேதிப்பொருள் கூடுதலாகச் சேர்ந்திருந்தது. எளிய வேலை செய்தவர்களுக்கு அப்படிச் சேரவில்லை. களைத்தவர்கள், பொறுத்தால் கிடைக்கும் பெரிய தொகையை விட்டுவிட்டு, உடனே கிடைக்கும் சின்னத் தொகையையே அதிகம் கேட்டார்கள். ராத்திரி 9 மணிக்கு உங்கள் பையன் புத்தகத்தை வைத்துவிட்டு போனை எடுக்கிறானே, எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அந்த நேரத்தில் திட்டிப் பயனில்லை.

தூக்கத்தைப் பாருங்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் தூக்கக் கலக்கம் தரும் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்கிறது, தூக்கத்தில்தான் அது குறையும். டீயும் காபியும் அதை மறைக்குமே தவிரக் குறைக்காது. அவன் வயதுக்கு 8 மணி நேரமாவது தூங்க வேண்டும். இப்போது 6 மணி நேரம்கூட இல்லை. ராத்திரி 10 மணிக்கு விளக்கை அணைத்து, காலை 6 மணிக்கு எழுப்புங்கள்.

நீட் பிற்பகல் 2 மணிக்குத் தொடங்குகிறது. மாதிரித் தேர்வையும் அதே நேரத்தில் எழுதட்டும். இயற்பியல் கணக்கைக் காலையில் முடிக்கட்டும், ராத்திரிக்கு உயிரியல் படங்களைத் திருப்பிப் பார்த்தால் போதும். நடுவில் போனைக் கையில் கொடுக்காமல், மாந்தோப்புப் பக்கம் பத்து நிமிடம் நடந்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

இரண்டு வாரம் நன்றாகத் தூங்கியும் அதே களைப்பு இருந்தால், தர்மபுரி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.