மாட்டு உண்ணி மருந்தை ஸ்பிட்ஸ் (பொமரேனியன்) நாய்க்கு அடிக்கலாமா?

கேள்வி: அரவக்குறிச்சி பக்கம் முருங்கைத் தோப்பும் இரண்டு கறவை மாடும் வைத்திருக்கிறேன். மகன் வெளிநாட்டு வேலைக்குப் போனபோது, ஃபிளாட்டில் வளர்த்த வெள்ளைப் பொமரேனியன் பெட்டையை எங்களிடம் விட்டுவிட்டான். மூன்று வயது. இங்கே வந்ததிலிருந்து உடம்பெல்லாம் உண்ணி, மாட்டிலிருந்துதான் ஏறுகிறது என்று நினைக்கிறேன். நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, ஆனால் ராத்திரியானால் குரைக்கிறது. வெயிலுக்கு முடியை மொட்டையடித்து, மாட்டு உண்ணி மருந்தை அடித்துவிடச் சொல்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். செய்யலாமா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். முதலில் நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். நல்ல ரோஜா நிறமாக இருக்க வேண்டும். வெளுத்துப் போயிருந்தாலோ, அடிவயிற்றில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். ஈறு நன்றாக இருந்தாலும் போகத்தான் வேண்டும், ஏனென்றால் உண்ணி ஏறிய நாய் நாலு நாள் சாப்பிடவில்லை என்றால் முதல் சந்தேகம் உண்ணிக் காய்ச்சல்தான். எர்லிச்சியா, பபேசியா என்ற இரண்டு கிருமிகள் இங்கே அதிகம். நாய்க்கு இயல்பான உடல் வெப்பமே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும், அதனால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சலா இல்லையா என்று சொல்ல முடியாது, ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். எர்லிச்சியா என்றால் டாக்ஸிசைக்ளின் மாத்திரை மூன்று, நான்கு வாரம் கொடுக்கச் சொல்வார்கள். ஐந்தாம் நாளே நாய் துள்ளி விளையாடும், அதைப் பார்த்து மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்கள்தான் மறுபடி வருகிறார்கள்.

மாட்டின் மேல் பழி போடாதீர்கள். மாட்டு உண்ணி வேறு, நாய் உண்ணி பெரும்பாலும் வேறு. உங்கள் நாய் மேல் இருப்பது பழுப்பு நாய் உண்ணியாகத்தான் இருக்கும், அது தெருநாய்களிடமிருந்து வந்து சுவர் விரிசலிலும் திண்ணை இடுக்கிலும் கதவு நிலை ஓரத்திலும் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும், ரத்தம் குடிக்காமலே பல மாதம் உட்கார்ந்திருக்கும். நாய் மேல் நீங்கள் பார்ப்பது கொஞ்சம்தான், மீதி வீட்டில் இருக்கிறது. நாய் படுக்கும் இடத்தைச் சுற்றி விரிசலைச் சிமெண்ட் வைத்துப் பூசுங்கள், விரிப்பைக் கொதிநீரில் அலசுங்கள். உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்க வேண்டாம், மண்ணெண்ணெய் தடவவே வேண்டாம்.

சரி, மாட்டு மருந்து ஏன் கூடாது? அமிட்ராஸ் போன்ற உண்ணி மருந்துகள் நாய்க்கும் உண்டுதான், ஆனால் அளவு தப்பினால் தள்ளாட்டம், மயக்கம், இதயத் துடிப்புக் குறைவு வரும். ஸ்பிட்ஸின் அடர்ந்த முடியில் மருந்து தங்கிவிடும், நாய் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும். மாட்டுக்கு உண்ணிக்காகப் போடும் ஐவர்மெக்டின் ஊசி இன்னும் மோசம்: மாட்டுக்கு 50 கிலோவுக்கு 1 மில்லி என்று கணக்குப் போடுகிற மருந்து அது, இத்தனூண்டு நாய்க்குச் சிரிஞ்சில் ஒரு கோடு கூடினாலே ஆபத்து. நம் ஊரில் பொமரேனியன் என்று வளர்ப்பதில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ், சின்ன ரகம் 5 முதல் 7 கிலோ வரை வரும். நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, உங்கள் எடையைக் கழித்து, அந்த எடையை மருத்துவரிடம் சொல்லுங்கள். உண்ணிக்கு வாய்வழி மாத்திரையே இருக்கிறது, மாதத்துக்கு ஒன்று அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று. விலை அதிகம்தான், ஆனால் இந்த உருவத்துக்கு அதுதான் பாதுகாப்பு.

மொட்டை விஷயம். வெளியே நீள முடி, உள்ளே பஞ்சு போன்ற முடி என்று இரட்டை அடுக்கு இதற்கு. மழித்தால் வெயில் நேராகத் தோலில் படும், சில நாய்களுக்கு முடி திரும்ப ஒழுங்காக முளைப்பதே இல்லை. உள்முடி சிக்காமல் தினமும் சீவுங்கள், உண்ணியும் அப்போதே கண்ணில் படும். பாதத்துக்கு அடியில் மட்டும் வெட்டலாம். பகலில் சிமெண்ட் தரை, நிழல், தண்ணீர், இது போதும்.

குரைப்பது அதன் குணம். மனிதரை ஒட்டியே கிடக்கிற ஜாதி, ஃபிளாட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் தூங்கியதைத் திண்ணையில் தனியாகக் கட்டினால் எலிக்கும் கீரிக்கும் கத்தத்தான் செய்யும். ஆள் வந்தால் சொல்லும், காவல் காக்காது. பாம்பைப் பார்த்தாலும் விலகாமல் முன்னால் நின்று குரைக்கும், அதற்காகவாவது ராத்திரி உள்ளே படுக்க வையுங்கள். பேரக் குழந்தைகள் வாலை இழுத்தால் பட்டென்று கடிக்கவும் செய்யும். கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்புப்பட்டை போடுங்கள், இந்தச் சின்ன ரகங்களுக்கு மூச்சுக்குழாய் பலவீனம்.

வெறும் தயிர்சோறு போதாது. முட்டை, எலும்பில்லாத வெந்த கோழி சேருங்கள், வெங்காயம் கூடாது.

உடம்பு தேறியதும் கருத்தடை செய்துவிடுங்கள். தெருவில் பெரிய நாயோடு சேர்ந்தால் பிரசவம் சிக்கலாகும், சேராவிட்டாலும் வயதாக ஆகக் கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயம் கூடிக்கொண்டே போகும். அப்புறம், மகனிடம் தடுப்பூசி அட்டையை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வெறிநாய்க்கடி ஊசி வருடம் தவறாமல் வேண்டும். எலிக்காய்ச்சல் ஊசி ஃபிளாட்டில் போடாமல் விட்டிருக்கலாம், தோட்டத்தில் அது கட்டாயம். எலிக்கு விஷம் வைத்திருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.