தூளி ஆடினால்தான் பாட்டு வரும்

கேள்வி: எங்கள் அங்கன்வாடிக்கு வரும் இருளர் பிள்ளைகளின் பாட்டிமார் மலையும் சோலையும் தேனும் வரும் தாலாட்டுகள் பாடுகிறார்கள். செல்போனில் பதிந்தால் இரைச்சல்தான் மிஞ்சுகிறது. எழுதிக் காட்டினால், "இது எங்க பேச்சு இல்ல" என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: சும்மா உட்காரவைத்துப் பாடச் சொல்லாதீர்கள். தாலாட்டின் தாளம் ஆட்டுகிற கையில் இருக்கிறது; கை ஓய்ந்தால் வேகம் கூடும், அடி விட்டுப்போகும். தூளி கட்டி ஆட்டியபடியே பாடட்டும். வெறுந்தூளியை ஆட்டுவது பல வீடுகளில் ஆகாது. பிள்ளை இல்லாத நேரமென்றால் மூன்று கிலோ அரிசிப் பையை உள்ளே வையுங்கள். உத்திரத்தில் கயிறு உரசும் இடத்தில் பழந்துணி சுற்றினால் கீச்சொலி போகும்.

தகரக் கூரையில் மழை விழும் நேரம் வேண்டாம். போன் வாய்க்கு நேரே இல்லாமல், ஒரு சாண் தள்ளிப் பக்கவாட்டில் இருந்தால் மூச்சு மைக்கில் மோதாது. வாட்ஸ்அப் குரல்செய்தியாகப் பதியாதீர்கள், ஒலியைச் சுருக்கிவிடும். ஒலிப்பதிவுச் செயலியின் அமைப்பில் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பு, 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ என்று தேர்ந்தெடுங்கள்: நிமிடத்துக்கு 6 எம்.பி.க்குள் அடங்கும். இரைச்சல் நீக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். அடிக்கடைசியில் இழுக்கும் முனகலையும் இரைச்சல் என்று நினைத்து அது வெட்டிவிடும். தாலாட்டில் பாதி அந்த முனகல்தானே!

பாட்டி சொல்வது சரி. இருளம் தமிழுக்கு நெருங்கிய தனி மொழி. அதன் சில உயிரொலிகளுக்குத் தமிழில் எழுத்தில்லை; அவற்றின் மேல் சிவப்புப் புள்ளி வையுங்கள். 'க' வல்லொலியா (ka) மெல்லொலியா (ga) என்பதற்குச் சுலோகப் புத்தகங்களைப் போல க, க³ என்று எண் போடலாம். வினைச்சொற்களைத் தமிழாக்கித் திருத்தாதீர்கள். பொருளில்லாத அசைகளையும் விடாதீர்கள். ஒரு வரி இருளம், கீழே தமிழ்ப் பொருள். முடிந்ததும் பாட்டிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

செடிப் பெயர்களை ஊகிக்க வேண்டாம். குறிஞ்சி என்றதும் நீலக்குறிஞ்சி என்று எழுதிவிடுகிறார்கள். குறிஞ்சியில் பல வகை. 12 ஆண்டுக்கொருமுறை பூப்பது அதில் ஒன்று. பாட்டியோடு போய் இலை, பூ, பட்டை மூன்றையும் படமெடுங்கள்.

பாட்டை எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்ற அவர் சம்மதத்தைப் பதிவின் தொடக்கத்திலேயே அவர் மொழியில் சொல்லவையுங்கள்.

கேள்வி: தோடர் பாட்டுக்கும் இதே முறைதானா?
- ஒரு வாசகர், ஊட்டி

பதில்: பதிவு இதேதான், எழுதுவது வேறு. 1930களில் நீலகிரியில் ஆய்வு செய்த மொழியியலாளர் எமனோ விளக்கியபடி, அங்கே சொற்றொடர்கள் இணை இணையாக வரும். கூறியது கூறல் என்று ஒன்றை நீக்கினால் பாட்டே குலையும். இரண்டையும் அடுத்தடுத்த வரியில் எழுதுங்கள். ஸ, ஷ போன்ற உரசொலிகள் மிகுதி, தமிழெழுத்து தாங்காது. தோடமொழி பேசுபவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடங்காதீர்கள்.