மூன்று தலைமுறைக்கு ஒரு விறாந்தை

வணக்கம்.
திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் எங்கள் சனசமூக நிலையத்தை இடித்துக் கட்டப்போகிறோம். வெளிநாட்டில் உள்ள ஊர்ப்பிள்ளைகள் காசு சேர்த்துத் தந்திருக்கிறார்கள். காணி 25 பேர்ச். வரைபடத்தில் முன்னுக்கு முதியோர் அறை, நடுவில் முன்பள்ளியும் மண்டபமும், பின்னுக்குச் சிறுவர் விளையாட்டிடம், பக்கத்தில் இளைஞருக்கு வொலிபோல் திடல். காலையில் பேப்பர் பார்க்க வரும் ஐயாமார் பத்து மணிக்கே போய்விடுகிறார்கள்; பின்னேரம் கரம் விளையாட வரும் பெடியள் அவர்களைக் காண்பதேயில்லை. புதுக் கட்டடத்தில் மூன்று தலைமுறையும் ஒன்றாகப் புழங்க வேண்டும் என்பதே விருப்பம். இந்த வரைபடம் சரிவருமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

சரிவராது. மூன்று தலைமுறைக்கும் இடம் கொடுத்திருக்கிறீர்கள், ஆனால் மூன்று திக்கில். முதியோருக்குத் தனி அறை கட்டினால் அதில் முதியோர் மட்டுந்தான் இருப்பார்கள். கொஞ்ச நாளில் அவர்களும் வரமாட்டார்கள், அறை கதிரை அடுக்கும் களஞ்சியமாகிவிடும்.

முதலில் வொலிபோலை எடுத்துவிடுங்கள். திடல் 18 மீற்றருக்கு 9. சுற்றவர 3 மீற்றர் விட்டால் 24க்கு 15, அதாவது 360 சதுர மீற்றர். உங்கள் காணி முழுவதுமே ஏறக்குறைய 632 சதுர மீற்றர்தான். கட்டடமும் எழும்பிய பிறகு, பந்து பறக்கும் எல்லைக்குள்தான் குழந்தையும் ஆச்சியும் இருக்க வேண்டிவரும். ஒரு தடவை பந்து தோளில் பட்டால் அந்த ஆச்சி மறுபடி வரமாட்டா. கடற்கரை உங்களுக்குக் கிட்டத்தானே, வலையை அங்கே கட்டட்டும்.

காசையும் கவனத்தையும் விறாந்தையில் போடுங்கள். அது கிழக்குப் பக்கம் இருக்கட்டும். பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு கட்டடத்தின் நிழலே அதில் விழும், கடற்காற்றும் வரும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்துப் பின்னேர வெயிலில் மேற்கு விறாந்தையில் யாரும் இருக்க ஏலாது. கிழக்குக்குக் கேடு வாடை மழைதான். அதற்குக் கூரையை 4 அடி வெளியே இழுத்து, வடக்குத் தொங்கலில் சுருட்டி இறக்கக்கூடிய படங்கு போடுங்கள்; நிலத்துக்கு வெளிப்பக்கமாகச் சிறு வாட்டம் வேண்டும். அகலம் 10 அடிக்குக் குறையக்கூடாது. 5 அடி விறாந்தை வெறும் நடைபாதை. ஒருவர் இருந்தால் மற்றவர் கடக்க முடியாது.

முன்பள்ளி வாசலை இந்த விறாந்தைக்கே திறவுங்கள். இடையில் இரண்டரை அடி அரைச்சுவர் போதும். பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக வரும் அம்மம்மாவும் அப்பப்பாவும் இப்போது படலையடியில் வெயிலில் நிற்கிறார்கள் அல்லவா? அவர்கள் உள்ளே வந்து இருந்தாலே காலை பத்து மணி என்பது பன்னிரண்டாகிவிடும். பிள்ளைகள் இருக்கும் இடம் எப்போதும் நாலு பேர் கண்ணில் படுவதும் இதனால்தான் சாத்தியம். பின்னுக்கு ஒதுக்கிய விளையாட்டிடத்தில் அது நடக்காது.

அடுத்தது கதிரை. 1950களில் கனடாவின் சஸ்கச்சுவானில் ஒரு மருத்துவமனையின் முதியோர் விடுதியில், புதுத் தளபாடம் எல்லாம் போட்டும் யாரும் யாரோடும் பேசவில்லை. கதிரைகள் சுவரோரம் வரிசையாகக் கிடந்தன. உளவியலாளர் ரொபர்ட் சோமர் அவற்றைச் சிறு மேசைகளைச் சுற்றிப் போடவைத்தார். பேச்சு நன்றாகக் கூடியது. ஆனால் தொடக்கத்தில் கதிரைகள் திரும்பத் திரும்பச் சுவரோரம் போய்ச் சேர்ந்தன. உங்கள் இடத்திலும் கூட்டிப் பெருக்குபவர் அதைத்தான் செய்வார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

மேசையின் மூலையில், ஒருவர் இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமுமாக இருக்கும்போதுதான் பேச்சு இலகுவாக வரும். அதனால் கரம் பலகையைச் சுவரோரத்திலிருந்து இழுத்து விறாந்தையின் அகன்ற பக்கத்தில் வையுங்கள், சுற்றவர 4 அடி விட்டு. பேப்பர் மேசையை அதற்கு அடுத்ததாகப் போடுங்கள். போன் சார்ஜ் போடும் பிளக்கும் அந்த மேசைக்கு மேலேதான் இருக்க வேண்டும். பிளக் எங்கேயோ பெடியள் அங்கே. ஐயாவுக்கு வட்ஸ்அப்பில் வந்த படம் திறக்காவிட்டால் கேட்க ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

வாங்கு கட்டும்போது மேசன்மார் வழக்கமாக 14 அங்குலத்தில் சீமெந்துத் திட்டு வைப்பார்கள், சாயவும் பிடிக்கவும் ஒன்றுமில்லாமல். முழங்கால் வருத்தக்காரர் அதிலிருந்து எழும்ப முடியாது. 18 அங்குல உயரம், முதுகு, இரண்டு பக்கமும் கைபிடி வேண்டும். நடுவில் ஒன்றிரண்டு 12 அங்குலத்தில் இருந்தால் பிள்ளைகளுக்கு. கடலோரம் என்பதால் சும்மா இரும்பு வேண்டாம். மரமும் கல்வனைஸ் குழாயும் போதும். ஊஞ்சல் சங்கிலியின் கொக்கியை மாதமொருதடவை பாருங்கள், துரு முதலில் தின்பது அதைத்தான்.

அத்திவாரத்தை வெள்ளத்துக்காக ஒன்றரை அடி உயர்த்தினால் சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. இடமில்லை என்று 6 அடியில் முடித்தால் அது பிள்ளைகளுக்குச் சறுக்குமரம், வேறொருவருக்கும் உதவாது. பொதுக் கட்டடங்களின் அணுகுவசதிக்கு 2006இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது. பிரதேச சபைக்குக் கொடுக்கும் வரைபடத்திலேயே நீளத்தை எழுதிவிடுங்கள்.

மரம் மேற்கில்: வேம்பு அல்லது புங்கை. நகருக்குள்ளே மான், வெளியே கட்டாக்காலி மாடு. இரண்டும் கன்றை விடாது. 5 அடிக் கூடு போடாமல் நடவேண்டாம்.

மலசலகூடம்தான் ஐயாமார் பத்து மணிக்கே எழும்பிப் போவதற்குக் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். யாரிடமும் இதைச் சொல்லமாட்டார்கள். கொமட், பக்கத்தில் பிடிகம்பி, வெளிப்பக்கம் திறக்கும் 3 அடிக் கதவு, விறாந்தையிலிருந்து படியிறங்காமல் போகும் வழி. திறப்பு ஒன்று முதியோர் சங்கத்திடமும் இன்னொன்று இளைஞர் கழகத்திடமும் இருக்கட்டும். துப்புரவுக்கு மாதாமாதம் காசு யார் தருவது என்பதைக் கல் வைக்கமுன் பேசி முடியுங்கள்.

வாங்குகளை உடனே நிலத்தில் பதிக்க வேண்டாம். முதல் மூன்று மாதம் பிளாஸ்ரிக் கதிரைகளை விட்டுப் பாருங்கள். சனம் எங்கே இழுத்துப் போடுகிறதோ அங்கேதான் சீமெந்து.