காரின் துணை ஹீற்றர் என்றால் என்ன? அதற்கு எப்படி நேரம் வைப்பது?

யாழ்ப்பாணத்தில் காருக்கு ஏசி போதும். ஜேர்மனி, நோர்வே பக்கம் போய்க் கார் வாங்கும் எங்கள் ஆட்களுக்குத்தான் இந்தக் கேள்வி வருகிறது.

துணை ஹீற்றர் என்பது எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே காரைச் சூடாக்கும் ஒரு சின்ன அடுப்பு. வழக்கமான ஹீற்றர் எஞ்சினின் சூட்டைத்தான் கடன் வாங்குகிறது. இரவு முழுக்க உறைபனியில் நின்ற எஞ்சினில் கடன் கொடுக்கச் சூடு ஏது? அதனால் இது தாங்கியில் உள்ள பெற்றோலையோ டீசலையோ சிறிதளவு தானே எரித்து, எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரைச் சூடாக்குகிறது. அந்தச் சூடு காற்றோடு உள்ளே வந்து, கண்ணாடியில் படிந்த பனியையும் இளக்கும். மார்கழியில் பிள்ளை எழும்ப முன்னமே அம்மா முழுகச் சுடுதண்ணி வைப்பது போலத்தான்.

நேரம் வைப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். சில கார்கள் நீங்கள் புறப்படும் நேரத்தைக் கேட்கும். சில, ஹீற்றர் தொடங்க வேண்டிய நேரத்தைக் கேட்கும். காலை 7 மணிக்கு வேலைக்குப் போகிறவர் இரண்டாவது வகையில் 6.30 என்று கொடுக்க வேண்டும். பெரும்பாலும் 20 முதல் 30 நிமிடம் போதும். பம்பும் காற்றாடியும் பற்றரியில் ஓடுவதால், சூடாக்கிய அளவு நேரமாவது காரை ஓட்டுங்கள். பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் ஒருநாள் பற்றரி இறங்கிவிடும்.

"எஞ்சின்தான் ஓடவில்லையே, பூட்டிய கராஜுக்குள் போடலாம்" என்று நினைப்பது தவறு: அங்கே எரிவதும் எரிபொருள்தான், அதன் புகையில் மணமே இல்லாத காபனோரொட்சைட்டு இருக்கிறது, மூடிய இடத்தில் அது ஆளைக் கொன்றுவிடும்.