ரப்பர் பாலில் வெட்டுக்கத்தி: டம்மி ஆயுதக் கேள்வி-பதில்

இந்த முறை கேள்விகள் பெரும்பாலும் தமிழக-கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து வந்தவை. குறும்படம் எடுப்பவர்கள், கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் நாடகம் போடுபவர்கள், ஷெல்ஃபில் வைத்து அழகு பார்ப்பவர்கள் என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். யாராக இருந்தாலும் முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அந்தக் கத்தி கேமராவுக்கு எவ்வளவு பக்கத்தில் வரும், யார் உடம்பில் படும்?

தோட்டத்தில் வெட்டுகிற பாலையே ஊற்றி ரப்பர் வெட்டுக்கத்தி செய்யலாமா? (குலசேகரம்)

அப்படியே ஊற்றினால் ஷீட்தான் கிடைக்கும், கத்தி கிடைக்காது. மரத்துப் பாலில் ரப்பர் 30 முதல் 40 சதவீதம்தான், மீதியில் பெரும்பங்கு தண்ணீர். காய்ந்த பிறகும் கந்தகம் சேர்த்துப் பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் இளகி ஒட்டும். உங்களுக்கு வேண்டியது முன்கூட்டியே வல்கனைஸ் செய்த, அதாவது கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய, 60 சதவீதப் பால். பலூனும் கையுறையும் செய்யும் ஆலைகள் வாங்குவது இந்த ரகம்தான். அம்மோனியா வாடை தூக்கலாக இருக்கும், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள்.

களிமண்ணில் கத்தி செய்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் இரண்டு பாதி அச்சு எடுங்கள். 35 செ.மீ. கத்தி வேண்டுமானால் களிமண்ணில் 37 வையுங்கள், ரப்பர் காயும்போது சுருங்கும். அச்சு எலும்பாகக் காய வேண்டும். ஈர அச்சு பாலிலிருந்து தண்ணீரை உறிஞ்சாது. உள்பக்கம் எண்ணெயோ சோப்போ தடவினாலும் இதே கதைதான்.

பாலைத் துணியில் வடிகட்டி, இரண்டு பாதியிலும் 6 முதல் 8 பூச்சு. வெள்ளை மறைந்து மஞ்சளாக, கண்ணாடி போலத் தெரிந்த பிறகே அடுத்த பூச்சு. மழைக்காலத்தில் நேரம் எடுக்கும், ஃபேன் போடுங்கள், அடுப்பருகே கொண்டு போகாதீர்கள். பிரஷ்ஷைப் பாலில் முக்கும் முன் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தால் முடி ஒட்டிக்கொள்ளாது.

நடுவில் எலும்பாக 8 மி.மீ. பிரம்பு வையுங்கள். பிடியில் தொடங்கி, முனைக்கு 5 செ.மீ. முன்பே நிற்க வேண்டும். அதன் நுனியை உருட்டித் தேய்த்து, பேண்டேஜ் துணி சுற்றி, துணிமேல் பால் பூசுங்கள். கம்பி வேண்டவே வேண்டாம். நாலு முறை வளைந்ததும் ரப்பரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், அதுவும் சண்டைக் காட்சியின் நடுவில்தான் வரும். இடைவெளியில் பஞ்சு ஃபோம் துண்டுகளை நிரப்பி, விளிம்பில் பால் தடவி அச்சை மூடுங்கள். பிரித்தவுடன் முகப்பவுடரை எல்லாப் பக்கமும் தூவிவிடுங்கள். மறந்தால் ரப்பரோடு ரப்பர் ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரிக்க முடியாது. நடிகருக்கு ரப்பர் அலர்ஜி உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

அதற்குச் சில்வர் அடித்தால் வெடித்து உதிர்கிறதே? (பாறசாலை)

சாதாரண பெயின்ட் ரப்பரோடு சேர்ந்து வளையாது, அதனால் உதிர்கிறது. சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனே இதற்கு நல்ல ஊடகம். கொஞ்சம் பெட்ரோல் விட்டு இளக்கி, அலுமினியப் பொடி கலந்து மெல்லியதாக இரண்டு கை அடியுங்கள். வெளியில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் பீடியோ அடுப்போ இருக்கக் கூடாது. அலுமினியப் பொடியை நேரே ரப்பர் பாலில் கொட்டாதீர்கள். அம்மோனியாவின் காரத்தில் அது ஹைட்ரஜன் வாயுவை விடும், மூடிய டப்பா உப்பும். கைப்பிடி வளையத்துக்குத் தங்க நிறம் வேண்டுமென்று செம்பு கலந்த பொடி போட்டால், சில மாதத்தில் அந்த இடத்து ரப்பர் பிசினாகிவிடும். செம்பு ரப்பருக்குப் பரம எதிரி.

ஃபைபர் அரிவாள் செய்தேன். மேல்பக்கம் பிசுபிசுப்பு போகவே இல்லை. (தேங்காய்ப்பட்டணம்)

வள்ளத்துக்கு விற்கும் பாலியெஸ்டர் ரெசின் வாங்கியிருப்பீர்கள். காற்றுப் படும் முகத்தில் அது முழுதாகக் கெட்டிப்படாது. கடைசிப் பூச்சில் மெழுகுக் கரைசல் கலந்த ரெசின் அடியுங்கள், அல்லது ஈரமாக இருக்கும்போதே பிளாஸ்டிக் ஷீட் போர்த்துங்கள். உள்ளேயும் இளகியிருந்தால் கேட்டலிஸ்ட் (ரெசினைக் கெட்டிப்படுத்தும் திரவம்) குறைவு: 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம், தராசில் நிறுத்து, கண் மதிப்பில் அல்ல. கெட்டிப்படுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைத் தனியாகச் சேர்ப்பவர்கள் முதலில் அதை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டுப் பிறகே கேட்டலிஸ்ட் விட வேண்டும். இரண்டும் நேருக்கு நேர் சேர்ந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். தேய்க்கும்போது முகமூடி கட்டாயம். இன்னொன்று: ஃபைபர் கத்தி தூரத்து ஷாட்டுக்கும் காட்சிக்கும் மட்டும். அடிபட்டால் ஊசி ஊசியாக உடையும், சண்டைக்குக் கொடுக்காதீர்கள்.

ராம்போ கத்திக்குச் சரியான அளவு திரையிலிருந்து எடுக்க முடியுமா? (செங்கோட்டை)

முதலில் எந்த ராம்போ படம் என்று முடிவு செய்யுங்கள். 1982, 1985 படங்களின் கத்திகளைச் செய்தவர் ஜிம்மி லைல்: முதுகில் ரம்பப் பல், உள்ளே குழிவான, கயிறு சுற்றிய பிடி. 1988 படத்தின் கத்தி கில் ஹிப்பன் செய்தது: அகலமான பவுயி (அமெரிக்க வேட்டைக்கத்தி) வடிவம், ரம்பப் பல் கிடையாது. இரண்டையும் கலந்து செய்தால் ரசிகர்கள் தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார்கள்.

செ.மீ. கணக்கை விட்டுவிட்டு விகிதத்தை எடுங்கள். கத்தி கேமராவுக்கு இணையாக, ஃபிரேமின் நடுவில் இருக்கும் மூன்று இடங்களில் நிறுத்தி, இலை (வெட்டும் தகடு) நீளத்தைப் பிடி நீளத்தால் வகுங்கள். முனை கேமராவை நோக்கி இருந்தால் இலை பொய்யாக நீளும், அந்த ஃபிரேமைத் தள்ளிவிடுங்கள். பிறகு உங்கள் உள்ளங்கைக்குப் பிடியை 12 அல்லது 13 செ.மீ. என்று வைத்து மற்றதைப் பெருக்கிக்கொள்ளலாம். ஒரே படத்தில் குளோஸப்புக்கு ஒன்று, சண்டைக்கு ஒன்று என்று பல கத்திகள் இருக்கும். விகிதம் ஒத்துவராவிட்டால் வேறு வேறு கத்தியை அளந்திருக்கிறீர்கள் என்றும் இருக்கலாம்.

பிடிக்கு ரப்பர் மரம் போதுமா?

சும்மா கிடைக்கிறதே என்றுதான் எல்லாரும் எடுக்கிறார்கள். பதப்படுத்தாத ரப்பர் மரம் சீக்கிரம் கறுத்துப் பூஞ்சை பிடிக்கும், பொடிவண்டு துளைக்கும். ஆலைக்காரர்கள் அதனால்தான் போரான் உப்பில் ஊறவைக்கிறார்கள். பலா, அயினி, தேக்குத் துண்டு கிடைத்தால் அதுவே மேல்.

இரும்பில் செய்து முனை மழுக்கினால் பையில் வைத்து எல்லை தாண்டலாமா? (நெய்யாற்றின்கரை)

ஆயுதச் சட்டம், 1959, விளையாட்டுப் பொருளாக மட்டுமே பயன்படக்கூடிய, நிஜ ஆயுதமாக மாற்ற முடியாத பொருளை விட்டுவிடுகிறது. ரப்பர் கத்தி அதில் அடங்கும். மழுங்கிய இரும்பை அரைமணி நேரத்தில் தீட்டிவிடலாம், அதனால் இந்த விலக்கை நம்ப முடியாது. 2016 ஆயுத விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள இலை கொண்ட கத்திகள் வருகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவை சேராது. ஆனால் நாடகத்துக்கு என்று செய்துவிட்டு விவசாயக் கருவி என்று வாதாட முடியாது. உரிமம் எந்தப் பகுதியில் தேவை என்பது அரசு அறிவிக்கையைப் பொறுத்தது, இரு பக்கத்துக் காவல் நிலையத்திலும் கேட்டுவிடுங்கள். படப்பிடிப்பு அல்லது நாடகக் குழுவின் கடிதம், செய்முறைப் படங்கள், கத்தி துணியில் சுற்றிப் பெட்டியில் பூட்டியபடி: இவ்வளவும் கூடவே இருக்கட்டும். குளோஸப்புக்கு உலோகம்தான் வேண்டுமென்றால் 4 மி.மீ. அலுமினியத் தகடு, விளிம்பு 2 மி.மீ.க்குக் குறையாமல், முனை உருட்டி.

சேமித்த கத்திகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா?

இரும்புக்கு அவசரத்துக்குத் தடவலாம், நாளடைவில் சிக்குப் பிடிக்கும். மெஷின் ஆயிலே நல்லது. ரப்பருக்குத் தடவவே கூடாது, ஊதிப் பிசினாகும். தோல் உறைக்குள் இரும்பை வைத்து மூடாதீர்கள். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்று இரண்டும் பெய்கிற இந்தப் பக்கத்தில், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு துருவை வளர்க்கும். உறையைத் தனியாகத் தொங்கவிட்டு, கத்தியை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள்.